ஃபைன் என்ற ஒரு சொல், பல அர்த்தங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ‘ஐ ஆம் ஃபைன்’ வந்துவிடும். சொல் தெரிந்துவிட்டது என்று பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஃபைன் பவுடர், ஃபைன் பிரிண்ட், ஃபைன் லெக், ஃபைன் ஆர்ட்ஸ், ஃபைன் ட்யூனிங் என்று ஒவ்வொன்றாக எதிரே வரும்போது எல்லாவற்றுக்கும் ‘நல்ல’ என்று பொருள் வைத்துப் பார்த்து, எதுவும் பொருந்தாமல் திணறுகிறார்கள். இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

ஃபைனுக்கு மொத்தம் எத்தனை அர்த்தம்?

அகராதிக்கு அகராதி எண்ணிக்கை மாறும், அதை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பெயரடையாக வரும்போது அடிக்கடி சந்திக்கப்போவது நான்குதான். உயர்தரமான, தேர்ந்த என்பது ஒன்று. மெல்லிய, நுண்ணிய, பொடியான என்பது இன்னொன்று. நலமாக, பரவாயில்லை, சம்மதம் என்று பேச்சில் புழங்குவது மூன்றாவது. மழையில்லாத தெளிந்த வானிலை நான்காவது. அபராதம் என்ற பொருளில் வருவது பெயர்ச்சொல், அதைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம். இந்த நான்குமே ஒன்றோடொன்று மோதும் என்பதுதான் சிக்கல்: ‘ஃபைன் வெதர்’ என்றால் மழை இல்லை, ‘ஃபைன் ரெயின்’ என்றால் பொடிப்பொடியாகத் தூறல் விழுந்துகொண்டிருக்கிறது.

சரி, ஒரு வாக்கியத்தில் எது பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தச் சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ‘ஷீ இஸ் எ ஃபைன் டாக்டர்’ என்றால் கைதேர்ந்த மருத்துவர். ‘தி டாக்டர் இஸ் ஃபைன்’ என்றால் அந்த மருத்துவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நலமாக இருக்கிறார். சொற்கள் அதேதான், ஆனால் முதல் வாக்கியம் அவருடைய திறமையைப் பற்றியது, இரண்டாவது அவருடைய உடல்நிலையைப் பற்றியது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி வரும் ஃபைனுக்கு எடை அதிகம், வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்கும் ஃபைனுக்கு எடை குறைவு. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம், ஆனால் பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு வரிகூடத் தருவதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பேசப்படுவது மணலோ மாவோ நூலோ தலைமுடியோ என்றால், கடைசியில் வந்தாலும் நுண்ணிய என்றே பொருள். ‘தி சேண்ட் இஸ் வெரி ஃபைன்’ என்றால் மணல் மிகப் பொடியானது, மணலுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால் எதிர்ச்சொல்லை யோசியுங்கள். ஃபைன் இருக்கும் இடத்தில் ‘கோர்ஸ்’, அதாவது கொரகொரப்பான, என்ற சொல்லை வைத்தால் வாக்கியம் நேர் எதிராகத் திரும்புகிறதா? அப்படியானால் அது நுண்மை. ‘பேட்’ வைத்தால் திரும்புகிறதா? அப்படியானால் அது தரம் அல்லது வானிலை. ‘நாட் ஓகே’ என்று வைத்தால் பொருந்துகிறதென்றால் அது நலமும் சம்மதமும்.

‘யுவர் ரிப்போர்ட் இஸ் ஃபைன்’ என்று மேலதிகாரி எழுதியிருக்கிறார். பாராட்டா?

இல்லை. ‘இருக்கட்டும், இது போதும், திருத்த வேண்டியதில்லை’ என்ற அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘திஸ் இஸ் எ ஃபைன் ரிப்போர்ட்’ என்று எழுதியிருந்தால் அது பாராட்டு, நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள் என்கிறார். முன்னால் சொன்ன இட வித்தியாசம்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

இதை மறுபக்கத்திலிருந்தும் யோசித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சேதம் அதிகம் நடப்பது அங்கேதான். ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து செய்துகொடுத்த வேலையைப் பார்த்து, மனதாரப் பாராட்டுவதாக நினைத்து ‘இட் இஸ் ஃபைன்’ என்று நீங்கள் பதில் போட்டால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அது ‘ஏதோ ஒப்பேற்றியிருக்கிறாய்’ என்பதற்குப் பக்கத்தில் போய் விழும். பிடித்திருந்தால் ‘எக்ஸலன்ட்’ என்றோ ‘ரியலி குட்’ என்றோ வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதைவிட நல்லது, எது பிடித்தது என்று ஒரு வரி சேர்ப்பது.

குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் ‘ஐ ஆம் ஃபைன்’ என்கிறார்கள். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா?

வேண்டாம் என்று. ‘எனக்கு இப்போது எதுவும் தேவைப்படவில்லை, இப்படியே நன்றாக இருக்கிறேன்’ என்பதன் சுருக்கம் அது, வழக்கமாகப் பின்னால் ஒரு ‘தேங்க்ஸ்’ வரும். ஆனால் அதே கேள்விக்கு ‘வாட்டர் இஸ் ஃபைன்’ என்று பதில் வந்தால் தண்ணீரே போதும், கொடுங்கள் என்று அர்த்தம்! ஆளைப் பற்றிச் சொன்னால் மறுப்பு, பொருளைப் பற்றிச் சொன்னால் சம்மதம். புதிதாக வெளிநாட்டில் வேலைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு ஜோடியைப் பழகிக்கொண்டால் நிறையத் தடுமாற்றம் குறையும்.

‘ஐ ஆம் வெரி ஃபைன்’ என்று சொல்வது தவறா?

இலக்கணப் பிழை என்று யாரும் கோடு போட மாட்டார்கள், ஆனால் காதுக்கு ஒட்டாது. நலமாக என்ற பொருளில் வரும் ஃபைனுக்கு அளவு கிடையாது. நலம் என்றால் நலம், அதில் கொஞ்சம் நலம், ரொம்ப நலம் என்ற பேச்சு ஆங்கிலத்தில் வழக்கமில்லை. அதனால் ‘ஜஸ்ட் ஃபைன்’, ‘பெர்ஃபெக்ட்லி ஃபைன்’, ‘அப்சல்யூட்லி ஃபைன்’ எல்லாம் வரும், ‘வெரி’ வராது. ‘ஃபைனர்’, ‘ஃபைனஸ்ட்’ என்ற ஒப்பீட்டு வடிவங்களும் அப்படியே: நூலையோ கலைஞரையோ பற்றிப் பேசும்போது தாராளமாக வரும், ‘டுடே ஐ ஆம் ஃபைனர்’ என்று வராது, ‘பெட்டர்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

குறுஞ்செய்தியில் வெறும் ‘ஃபைன்’ என்று மட்டும் பதில் வந்தால் கோபமா?

எல்லா நேரமும் இல்லை. ஆனால் ஒற்றைச் சொல், அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி என்று வந்தால் பலருக்கு அது ‘சரி, உன் இஷ்டம்’ என்ற தொனியில்தான் கேட்கும். நேரில் பேசும்போது குரலும் முகமும் காப்பாற்றிவிடும், எழுத்தில் அந்த உதவி இல்லை. நீங்கள் உண்மையிலேயே சம்மதம் சொல்கிறீர்கள் என்றால் ‘தட்ஸ் ஃபைன் வித் மீ’ என்று முழுதாக எழுதுங்கள். நான்கே சொல்தான், ஒரு நாள் முழுவதும் நீளும் மனத்தாங்கல் தவிர்ந்துவிடும். ‘எ ஃபைன் ஃப்ரெண்ட் யூ ஆர்’ என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் சுதாரிக்க வேண்டும், ‘நல்ல நண்பன்தான் நீ!’ என்று நாம் குத்தலாகச் சொல்வது போலத்தான் பெரும்பாலும் அது இருக்கும்.

அபராதத்துக்கும் இந்த ஃபைனுக்கும் சம்பந்தம் உண்டா, அல்லது தற்செயலாக ஒரே உச்சரிப்பா?

சம்பந்தம் உண்டு, இந்தச் சொல்லின் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். இரண்டுக்கும் மூலம் லத்தீனில் உள்ள ‘ஃபீனிஸ்’, முடிவு அல்லது எல்லை என்று பொருள். முடிவுவரை கொண்டுபோய், குறையில்லாமல் செய்து முடித்த பொருள் உயர்தரமானது என்ற வழியில் பழைய பிரெஞ்சு மொழியில் ‘ஃபின்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது பெயரடை. வழக்கு ஒன்றை முடித்து வைப்பது என்ற வழியில் வந்தது பெயர்ச்சொல். முடித்து வைப்பதற்குக் கைமாறும் பணத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டும் பணம் என்ற இன்றைய பொருள் 16ஆம் நூற்றாண்டு வாக்கில் நிலைபெற்றது.

பழைய பொருளில் இந்த ‘ஃபைன்’ எப்படி இருந்தது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடைக்கால இங்கிலாந்தில் நிலம் கைமாறும்போது, வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்வது போல ஓர் ஏற்பாடு இருந்தது. அந்தச் சமரசத்தின் பெயரே ஃபைன். ஒரே தோல்தாளில் அந்த ஒப்பந்தத்தை மூன்று முறை எழுதி, வளைந்து வளைந்து போகும் கோட்டில் மூன்றாக வெட்டுவார்கள். இரண்டு தரப்புக்கும் ஆளுக்கு ஒன்று, அடிப்பகுதியில் உள்ள மூன்றாவது பிரதி அரசு ஆவணமாக இருக்கும். யாராவது போலிப் பத்திரம் கொண்டுவந்தால் வெட்டுவாய் பொருந்தாது, அகப்பட்டுக்கொள்வார். அடியில் இருந்த துண்டு என்பதால் அதற்கு ‘ஃபுட் ஆஃப் ஃபைன்’ என்றே பெயர். 1195இல் முறைப்படி தொடங்கிய இந்த ஆவணவரிசை, 1833இல் வந்த சட்டம் இந்த நடைமுறையையே ஒழிக்கும்வரை தொடர்ந்தது. லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இன்றும் இருக்கின்றன.

ஃபினிஷ், ஃபைனல், டிஃபைன், கன்ஃபைன், இன்ஃபினிட், ரிஃபைன் எல்லாம் இதே குடும்பம். ஃபைனான்ஸ்கூட அதுதான், கடனைத் தீர்த்து முடிப்பது என்ற பொருளில் கிளம்பிய சொல். மேற்கத்திய இசைக் குறிப்புகளில் இதே எழுத்துகளைப் பார்த்தால் ஃபைன் என்று படித்துவிடாதீர்கள், அது இத்தாலியச் சொல், ‘ஃபீனே’ என்று உச்சரிக்க வேண்டும், பாட்டு இங்கே முடிகிறது என்று பொருள்.

தங்கத்தில் ‘ஃபைன்னஸ்’ என்கிறார்களே?

ஆயிரத்தில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற கணக்கு அது. 22 காரட் என்றால் 24இல் 22 பங்கு, அதை ஆயிரத்துக்கு மாற்றினால் 916 சொச்சம் வரும், நகையில் இருக்கும் 916 முத்திரை அதுதான். ‘ஃபைன் அவுன்ஸ்’ என்று வந்தால் உலோகக் கட்டியின் எடையை அல்ல, அதற்குள் இருக்கும் சுத்தத் தங்கத்தின் எடையை மட்டும் சொல்கிறார்கள். 995 தரமுள்ள 400 டிராய் அவுன்ஸ் (தங்கம் நிறுக்கும் அளவு) கட்டி ஒன்றில் இருப்பது 398 ஃபைன் அவுன்ஸ்தான்.

பழைய நாணயம் ஒன்று ‘ஃபைன்’ தரம் என்று விற்பனைக்கு வந்திருக்கிறது. மிக நல்ல நிலையில் இருக்குமா?

இருக்காது, இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். நாணயம் சேகரிப்பவர்களின் தர வரிசையில் ‘குட்’ என்பது நன்றாகவே தேய்ந்துபோன நாணயம், அதற்கு மேல் ‘வெரி குட்’, அதற்கும் மேலே ‘ஃபைன்’, பிறகு ‘வெரி ஃபைன்’, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’, அதன்பின் புழக்கத்தில் அநேகமாகத் தேயாதவை, கடைசியில் புழக்கத்துக்கே போகாதவை என்று ஏறிக்கொண்டே போகும். 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்த 70 புள்ளி அளவுகோலை ஒட்டித்தான் இன்றும் பலர் தரம் பிரிக்கிறார்கள். அதில் ‘ஃபைன்’ நிற்பது 12 முதல் 15 வரை! எழுத்துகளைப் படிக்க முடியும், ஆனால் மேடான இடங்கள் தேய்ந்து மழுங்கியிருக்கும்.

பழைய புத்தகத்துக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே ‘ஃபைன்’ ஏறக்குறைய உச்சம், புதிது போன்றது என்ற தரத்துக்கு அடுத்தபடி. ஆக ஒரே சொல்லை நம்பி நாணயமும் வாங்காதீர்கள், புத்தகமும் வாங்காதீர்கள், அந்தத் துறையின் வரிசை முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

காற்று மாசு பற்றிய செய்திகளில் ‘ஃபைன் பார்ட்டிகிள்ஸ்’ என்கிறார்கள், கெட்ட பொருளுக்கு ஏன் ஃபைன்?

இங்கே நல்லது கெட்டது பேச்சே இல்லை, நுண்ணிய என்பது மட்டும்தான். பிஎம் 2.5 என்று குறிப்பிடுவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் விட்டமுள்ள துகள்களை. ஒரு தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராத அளவு. அந்த நுண்மைதான் ஆபத்தே, மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். தமிழில் ‘நுண்துகள்’ என்று சொல்வது மிகப் பொருத்தமான சொல். நிலவியலாளர்கள் ‘ஃபைன் சேண்ட்’ என்று சொல்வதற்கும் கணக்கு இருக்கிறது, மணியின் விட்டம் 0.125 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை.

கிரிக்கெட்டில் ஃபைன் லெக் என்று ஒரு தடுப்பாட்ட இடத்தைச் சொல்கிறார்களே, அதில் என்ன ஃபைன்?

விக்கெட்டுக்கு விக்கெட் ஒரு நேர்கோடு போட்டு அதை மட்டையாளருக்குப் பின்னால் எல்லைவரை நீட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வருவதெல்லாம் ‘ஃபைன்’. அதற்குச் செங்குத்தாக, கிரீஸுக்கு நேரே பக்கவாட்டில் போவது ‘ஸ்கொயர்’. கோட்டுக்கும் அங்கே நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கும் நடுவில் உள்ள கோணம் ஒடுங்கியிருக்கிறது என்பதை வைத்துப் புரிந்துகொண்டால் போதும், மறக்காது. வர்ணனையாளர் ‘கொஞ்சம் ஃபைனாகத் தட்டிவிட்டார்’ என்றால் அழகாக அடித்தார் என்று பொருளல்ல, பந்து விக்கெட் காப்பாளரை ஒட்டிப் பின்பக்கமாகப் போகிறது.

ஃபைன் ஆர்ட்ஸ் என்பது நுண்கலையா, கவின்கலையா?

தமிழில் இரண்டுமே வழக்கில் இருக்கின்றன, இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத் தொடர் ‘அழகிய கலைகள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் வழியாக வந்தது. 1746இல் ஷார்ல் பட்டே என்ற பிரெஞ்சு அறிஞர் கவிதை, ஓவியம், இசை, சிற்பம், நடனம் ஆகிய ஐந்தையும் இந்தப் பெயரில் ஒன்றாகத் தொகுத்தார், பயனுக்காக அல்லாமல் இன்பத்துக்காகப் படைக்கப்படுபவை என்று. அந்த மூலத்தை வைத்துப் பார்த்தால் கவின் என்பதே நெருக்கம். ‘நுண்’ என்று மொழிபெயர்த்தவர்கள் ஃபைனின் இன்னொரு பொருளைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனாலும் கலைக்கு அதுவும் அழகாகவே அமைந்துவிட்டது. என் வாக்கு கவின்கலைக்கே.

செயற்கை நுண்ணறிவில் சொல்லும் ஃபைன் ட்யூனிங்?

வானொலிப் பெட்டியில் நிலையத்தைப் பிடித்த பிறகு இரைச்சல் போகும்வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவோம் இல்லையா, அதுதான் ஃபைன் ட்யூனிங். ஏற்கெனவே பெரிய அளவில் பயிற்சி பெற்ற கணினி மாதிரியை (மாடல்) எடுத்து, குறிப்பிட்ட ஒரு வேலைக்காகக் குறைந்த அளவு தரவைக் கொண்டு மேலும் பழக்குவதற்கும் இதே பெயரை வைத்துக்கொண்டார்கள். ‘நன்றாகச் சரிசெய்தல்’ என்று மொழிபெயர்த்தால் விஷயம் நழுவிவிடும், ‘நுண்சரிசெய்தல்’ என்றால் நிற்கும்.

ஃபைன் பிரிண்ட், ஃபைன் லைன் போன்ற தொடர்கள்?

எல்லாம் மெலிவிலிருந்து கிளைத்தவை. ஃபைன் பிரிண்ட் என்பது ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகள், கையெழுத்துப் போடும்முன் கட்டாயம் படிக்க வேண்டியவை. துணிச்சலுக்கும் அசட்டுத்தனத்துக்கும் நடுவே ‘ஃபைன் லைன்’ இருக்கிறது என்றால் இரண்டையும் பிரிக்கும் கோடு மயிரிழை அளவுதான். ‘கட்டிங் இட் ஃபைன்’ என்றால் நேரத்தைக் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் கடைசி நிமிடத்தில் போய்ச் சேருவது.

‘ஒன் ஃபைன் டே’ என்று கதை தொடங்கினால் அன்றைக்கு நல்ல வெயிலா?

தேவையில்லை. ‘ஒருநாள் என்ன நடந்தது தெரியுமா’ என்பதற்குமேல் அதில் எதுவும் இல்லை. ஆனால் ‘ஒன் ஃபைன் டே ஹிஸ் ஃபாதர் டைட்’ என்று சாவையும் நோயையும் சொல்லும் இடத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கேட்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். அங்கே ‘ஒன் டே’ போதும்.

‘இட் ஒர்க்ஸ் ஃபைன்’ சரியா, ‘ஃபைன்லி’ என்று போட வேண்டாமா?

‘ஒர்க்ஸ் ஃபைன்’ சரி. பேச்சிலும் சாதாரண எழுத்திலும் ஃபைன் அப்படியே வினையடையாகவும் வரும்: ‘யூ டிட் ஃபைன்’, ‘தி என்ஜின் இஸ் ரன்னிங் ஃபைன்’. ‘ஃபைன்லி’ என்பது பெரும்பாலும் நுண்மைக்கும் நேர்த்திக்கும் ஒதுக்கப்பட்டது: பொடியாக நறுக்கியது ‘ஃபைன்லி சாப்ட்’, மயிரிழையில் சமநிலை பிடித்திருப்பது ‘ஃபைன்லி பேலன்ஸ்ட்’. இயந்திரம் ‘ஒர்க்ஸ் ஃபைன்லி’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மேலே போவார். ‘ஃபைனலி’ என்பது வேறு சொல், கடைசியாக என்று பொருள். தட்டச்சில் ஓரிரு எழுத்து மாறினால் ஒன்று மற்றொன்றாகிவிடும், எழுத்துப்பிழை திருத்தியும் கண்டுபிடிக்காமல் விட்டுவிடலாம், அனுப்புமுன் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.